துருத்திக் கேமராவின் இரண்டு சட்டங்கள்

4×5 அங்குலமோ அதைவிடப் பெரிதோ உள்ள தாள் பிலிமில் படமெடுப்பது லார்ஜ் ஃபார்மட் கேமரா. 5×7, 8×10 அங்குலத் தாள்களும் புழக்கத்தில் உண்டு. சாதாரண 35 மி.மீ. ரோலில் ஒரு படத்துக்குக் கிடைப்பது 24×36 மி.மீ. இடம்தான். 4×5 தாளின் பரப்பு அதைப்போல ஏறத்தாழ 15 மடங்கு. 8×10 தாளின் பரப்பு 60 மடங்கு. இவ்வளவு பெரிய நெகட்டிவை அதிகம் பெரிதாக்க வேண்டியதில்லை என்பதால் பிலிமின் மணிகள் பிரிண்டில் கண்ணில் படுவதில்லை. 8×10 நெகட்டிவைப் போட்டோ தாளின்மேல் அப்படியே வைத்து ஒளி காட்டினாலே சட்டம் போட்டு மாட்டுகிற அளவில் படம் கிடைத்துவிடும்.

அமைப்பு எளியது, 19ஆம் நூற்றாண்டிலிருந்து அடிப்படையில் மாறவில்லை. லென்ஸைத் தாங்க முன்னால் ஒரு சட்டம், பிலிமைத் தாங்கப் பின்னால் ஒரு சட்டம், நடுவே ஒளி புகாத துருத்தி. பின்சட்டத்தில் தேய்த்த கண்ணாடி ஒன்று இருக்கும். காட்சி அதில் தலைகீழாகவும் இடவலம் மாறியும், போதாக்குறைக்கு மங்கலாகவும் விழும். வெளி வெளிச்சத்தை மறைக்கத்தான் படமெடுப்பவர் தலைமேல் போர்த்திக்கொள்ளும் அந்தக் கறுப்புத் துணி. பள்ளிக்கூட குரூப் போட்டோவில் நின்ற பழைய தலைமுறைக்கு இது நன்கு தெரியும். இந்திய ஸ்டுடியோக்களில் அப்போது நின்ற மரக் கேமராக்களில் பல, கேரளத்தின் ஆலப்புழையில் 1940களில் தொடங்கிய வாகீஸ்வரி பட்டறையில் செய்யப்பட்டவை.

பிலிமின் அளவைத்தான் பலரும் பெருமையாகச் சொல்வார்கள். உண்மையான பலம் இரண்டு சட்டங்களும் தனித்தனியே அசைவதில் இருக்கிறது. உயரமான கட்டடத்தின் உச்சியைப் பிடிக்கச் சாதாரணக் கேமராவை அண்ணாத்தினால், சுவர்கள் மேலே போகப்போக நெருங்கி, கட்டடம் பின்னால் சாய்வதுபோலப் படம் வரும். இங்கே பிலிமைச் செங்குத்தாக நிறுத்திவிட்டு, லென்ஸ் சட்டத்தை மட்டும் உயர்த்தலாம். உச்சியும் உள்ளே வரும், சுவர்களும் நேராக நிற்கும். லென்ஸைச் சற்று முன்னே சாய்த்தால் காலடிப் புல்லும் தொலைவு மலையும் ஒருசேரத் தெளிவாக விழும். லென்ஸ், பிலிம், தெளிவாக வரவேண்டிய காட்சி ஆகிய மூன்றின் தளங்களும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும் என்பது விதி. வான்வழிப் படங்களின் கோணலைத் திருத்த முயன்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ஃப்ளூக், 1904இல் பெற்ற காப்புரிமையில் இதை விளக்கினார். பிரான்ஸின் ஜூல் கார்பான்டியே 1901இலேயே இதைத் தொட்டிருந்தார். ஷைம்ஃப்ளூக்கே அதை ஒப்புக்கொண்டிருந்தும், விதிக்கு நிலைத்தது ஷைம்ஃப்ளூக்கின் பெயர்தான்.

வேலை மெதுவாகத்தான் நடக்கும். தாள்களை முழு இருட்டில், ஓரத்தில் உள்ள வெட்டுகளை விரலால் தடவிப் பக்கம் பார்த்து, பிலிம் ஹோல்டர் ஒன்றுக்கு இரண்டாகச் செருக வேண்டும். கண்ணாடியில் ஃபோகஸ் பார்த்து, ஷட்டரை மூடி, ஹோல்டரை நுழைத்தபின் காட்சி கண்ணுக்கு மறைந்துவிடும். ஒரு பொருளை அதே அளவில் பிலிமில் பதிக்கத் துருத்தியை இருமடங்கு நீட்டினால், பிலிமை எட்டும் ஒளி கால்பங்காகக் குறையும். அதற்கேற்ப நான்கு மடங்கு நேரம் கொடுக்க வேண்டும். 8×10 கேமராவுக்குச் சாதாரண லென்ஸே 300 மி.மீ. என்பதால் ஆழமான தெளிவு வேண்டுமானால் துளையை எஃப்/32, எஃப்/45 என்று சிறிதாக்க வேண்டும். அப்போது நேரம் இன்னும் நீளும். முக்காலி இல்லாமல் காரியம் ஆகாது.

தமிழ்நாட்டுக்கு இத்தகைய கேமரா 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. சென்னை அரசின் புகைப்படக்காரராக இருந்த லினேயஸ் டிரைப், மெழுகேற்றிய பெரிய காகித நெகட்டிவ்களில் மதுரையையும் தஞ்சாவூரையும் 1858இல் பதிவுசெய்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி ஒரே நீளப்படமாக்கினார்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1927 ஏப்ரலில் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறைக்கு எதிரே ஏறியபோது கையில் இருந்தவை, பிலிமுக்குப் பதிலாக, 12 கண்ணாடித் தட்டுகள். பாறையைப் பார்க்கும் இடத்தை அடைந்தபோது மிஞ்சியவை இரண்டே. ஒன்றை மஞ்சள் ஃபில்டரில் எடுத்தார். வானம் வெளிறிப்போகும், பாறையின் கம்பீரம் வராது என்று உடனே தோன்றியது. கடைசித் தட்டைக் கருஞ்சிவப்பு ஃபில்டரில் எடுத்தார். ஏறக்குறையக் கறுத்துவிட்ட வானத்துக்கு முன் பாறை எழுந்து நின்றது. பிரிண்டு எப்படி வர வேண்டும் என்பதை ஷட்டரை அழுத்துமுன்னே மனத்தில் காணும் அவரது முறை அங்கே உருக்கொண்டது. 1941இல் ஹெர்னாண்டஸ் என்ற ஊரின்மேல் நிலவு எழுந்த காட்சியை அவரால் எடுக்க முடிந்ததும் ஒரே ஒரு தாளில்தான். லைட் மீட்டர் அகப்படவில்லை. நிலவின் ஒளி அளவு நினைவில் இருந்ததால் அதைக் கொண்டு கணக்கிட்டார். இரண்டாவது தாளுக்காக ஹோல்டரைத் திருப்பிப் போடுவதற்குள் கல்லறைச் சிலுவைகள் மீதிருந்த வெயில் போய்விட்டது.

கட்டடப் படங்களில் இந்த அசைவுகளின் ஒரு பகுதியை இன்று டில்ட்-ஷிப்ட் லென்ஸ்கள் டிஜிட்டல் கேமராக்களுக்குக் கொடுத்துவிட்டன. விளம்பர ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விட்டன. நிலக்காட்சி, உருவப்படம், பழைய ரசாயன முறைகள் ஆகியவற்றில் ஈடுபாடுள்ளவர்கள்தான் தாள் பிலிமில் தொடர்கிறார்கள். கோடாக்கும் இல்ஃபோர்டும் இன்னும் தாள் பிலிம் விற்கின்றன. கடையில் கிடைக்காத பெரிய அளவுகளுக்கு இல்ஃபோர்ட் ஆண்டுக்கு ஒருமுறை ஆர்டர் வாங்கிக்கொண்டு வெட்டித் தருகிறது.