மலையும் ஞாயிறும்

வார இறுதியில் குடும்பத்தோடு கொடைக்கானல் சென்று இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்கத் திட்டமிட்டோம். சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள அம்மலையில் காலையொளியே படத்திற்கு உயிர். சாய்ந்து விழும் கதிர்களில்தான் பள்ளத்தாக்கின் மடிப்புகள் துலங்கும். நண்பகலுக்குப் பின் மூடுபனி தூண் பாறைகளை மறைத்துவிடுவதுண்டு. நமக்கு வாய்ப்பனவோ இரண்டே விடியல்கள். ஞாயிறு விடியலையும் புகைப்படக் கருவிக்கே தந்துவிட்டால் திருப்பலி என்னாவது?

அங்குள்ள சலேத் அன்னை ஆலயத்தை நினைத்தபோது விடை கிடைத்தது. 1846 செப்டம்பர் 19 அன்று, பிரான்சின் ஆல்ப்ஸ் மலைச்சரிவில் மாடு மேய்த்த சிறார் இருவருக்குக் கண்ணீரோடு காட்சி தந்த அன்னை, மக்கள் ஞாயிறு கடனை மறந்ததைக் குறித்தன்றோ வருந்தினார்! அவ்வன்னையின் ஆலயம் இருக்கும் மலையில் நாமும் அதனை மறக்கலாமா?

எனவே திட்டத்தை மாற்றினோம். வாகனத்திற்குரிய இ-பாஸை முன்னரே பெற்று, வெள்ளி மாலைக்குள் மலையேறுவது. சனி விடியலில் கோக்கர்ஸ் வாக், அடுத்துத் தூண் பாறை, மாலையில் ஏரி. மங்கிய ஒளிக்கு முக்காலி வேண்டும். குளிரில் பேட்டரி விரைவில் தளருமாதலால், மற்றொன்றைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வது நலம். ஞாயிறு காலை திருப்பலி. அப்போது கருவி பைக்குள்ளேயே இருக்கும்.

சனியன்றே மூடுபனி சூழ்ந்துவிட்டால்? படமின்றித் திரும்புவோம், அன்பர்களே! படைப்பைக் காணச் சென்று படைத்தவரை மறந்து வருவதைக் காட்டிலும் அது பெரிய இழப்பன்று.