கணக்கேட்டின் பக்க அளவு

மல்லேஸ்வரம் எட்டாவது குறுக்குத் தெருவின் நெரிசலில், தெருவை அகலப்படுத்தலாகாதா என்று எண்ணுகிறோம். ‘பிட்காயின்’ என்னும் மின்நாணயத்திலும் இவ்வினா எழுந்தது. அதன் பொதுக் கணக்கேட்டில் சுமார் 10 நிமிடத்திற்கு ஒருமுறை, ‘பிளாக்’ எனப்படும் ஒரு பக்கம் சேர்கிறது. 2010-இல் அப்பக்கம் 1 மெகாபைட் என வரையறுக்கப்பட்டமையால், நொடிக்கு ஏறத்தாழ 7 பரிமாற்றங்களே அடங்கின. பக்கத்தைப் பெருக்கினால் நெரிசல் குறையும். ஆனால் முழு ஏட்டையும் தம் கணினியில் வைத்துச் சரிபார்க்கும் எளியோர் விலகுவர். காவல் ஒரு சிலர் கையில் ஒடுங்கும்.

2017 மே மாதத்தில் பெங்களூரின் யுனோகாயின் உட்பட 50-க்கு மேற்பட்ட நிறுவனங்கள் 2 மெகாபைட்டுக்கு உடன்பட்டன. ஆகஸ்டில், பெரிய பக்கம் வேண்டியோர் சிலர் ‘பிட்காயின் கேஷ்’ எனப் பிரிந்தனர். பரவலான இணக்கம் கிட்டாமையால் நவம்பரில் அவ்வுடன்பாடும் கைவிடப்பட்டது. தெருவுக்கு மாநகராட்சி உண்டு. இந்த ஏட்டுக்கோ ஆணையிடுவார் எவருமிலர். இணக்கம் ஒன்றே அதன் சட்டம்.