எதைப் பிடித்து வைக்கிறார் என்று பாருங்கள்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்திலேயே நம் சேரிகளுக்குள் ஓர் ஆள் வந்துவிடுகிறார். பெரும்பாலும் தெரிந்த முகம்தான். பக்கத்து ஊர்க்காரர், சில நேரம் உறவுக்காரர். மில்லில் வேலை, தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு என்கிறார். மழைக்காலம் முடியும் நேரத்தில் இன்னொருவர் வருகிறார். அவர் செங்கல் சூளை மேஸ்திரி. அவர் வாக்குறுதியோடு நிற்பதில்லை, ரொக்கத்தையே கையில் கொடுக்கிறார். கல்லூரிக்குக் கட்டணம் கட்ட முடியாத வீட்டில், வட்டிக்காரன் வாசலில் நிற்கும் வீட்டில், இரண்டும் நல்ல செய்தியாகத்தான் கேட்கும்.

நேர்காணலில் எப்படி உட்கார வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள். வேலை கொடுக்க வருகிறவரை நாம் எப்படி எடைபோடுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நம் பிள்ளைகளுக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும். தவறான இடத்தில் மாட்டிக்கொண்டால் ஒரு மாதச் சம்பளத்தோடு நம் இழப்பு முடிவதில்லை. படிப்பு போகிறது, உடம்பு போகிறது, சில நேரம் உயிரே போகிறது.

இப்படிப்பட்ட புகார்களோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் நடந்ததில் நாங்கள் கண்டது ஒன்று உண்டு. மோசமான முதலாளிகள் பல விதம். ஆனால் நம்முடையது எதையாவது வாங்கித் தங்கள் கையில் வைத்துக்கொள்வதில் எல்லோரும் ஒன்றுதான். அது சான்றிதழாக இருக்கலாம், சம்பளமாக இருக்கலாம், செல்போனாகவும் இருக்கலாம். ஆகவே எவ்வளவு தருவார் என்று கேட்கும்போதே, நம்மிடமிருந்து எதைப் பிடித்து வைப்பார் என்பதையும் பாருங்கள்.

முன்பணமும் கணக்கு நோட்டும்

சூளை, அரிசி ஆலை, கரும்பு வெட்டு, மரம் வெட்டு ஆகியவற்றுக்கு முன்பணம் கொடுத்துத்தான் ஆள் பிடிக்கிறார்கள். முன்பணமே வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. மகள் கல்யாணமும் அம்மாவின் ஆபரேஷனும் முன்னால் நிற்கும்போது எந்த வங்கி நமக்குக் கதவைத் திறக்கிறது? அதனால் நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. கணக்கைப் பேசி முடிக்காமல் பணத்தைத் தொடாதீர்கள் என்கிறோம்.

ஆயிரம் கல்லுக்குக் கூலி எவ்வளவு? வாரச் செலவுக்கு எவ்வளவு கொடுப்பார்? முன்பணத்தில் வாரம் எவ்வளவு கழியும்? மழையில் கரைந்த கல்லுக்குக் கூலி உண்டா? இந்த நான்குக்கும் ‘அங்க போய்ப் பாத்துக்கலாம்’ என்று பதில் வந்தால் அந்த லாரியில் ஏற வேண்டாம். மேஸ்திரியிடம் ஒரு கணக்கு நோட்டு இருந்தால் நம்மிடமும் ஒன்று இருக்க வேண்டும். சீசன் முடிவில்தான் கணக்கு என்கிறவரிடம், அந்த முடிவில் கடன் மட்டும்தான் மிஞ்சும்.

இது நமக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்கு வாங்கிய பணத்துக்கும் நெல்லுக்கும் அப்பனுக்குப் பின் மகனும் உழைத்ததுதான் கீழத்தஞ்சையின் பண்ணையாள் முறை. அவர்களுக்காக 1952இல் ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் நாடு முழுவதற்கும் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. இந்தச் சட்டப்படி, ஆளைக் கட்டிப்போடுவதற்காகக் கொடுத்த கடன் செல்லாது. அதை வசூலிப்பதும் குற்றம். கொத்தடிமையாக வேலை வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்திருக்கும் கட்டாய உழைப்பே என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘காசைக் கட்டிட்டுப் போ’ என்று மறிக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை.

மூன்று வருடம் கழித்து மொத்தமாக

திருப்பூர், கோவை, ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று இருந்தது. மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்றார்கள். நம் பெண்கள் ஏராளமாகப் போனார்கள். அந்த மொத்தப் பணம் பரிசு அல்ல, அவர்களின் சம்பளத்திலேயே பிடித்து வைத்தது. உடம்புக்கு முடியாமல் இடையில் திரும்பியவர்கள் பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை. ஆனால் ‘கடைசியில் மொத்தமாகத் தருகிறோம்’ என்ற பேச்சை எங்கே கேட்டாலும் எச்சரிக்கையாக இருங்கள்.

சம்பளம் மாதாமாதம் பிள்ளையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். ஏடிஎம் கார்டு அவள் கையில் இருக்க வேண்டும். விடுதியில் செல்போன் வைத்துக்கொள்ளலாமா, ஞாயிற்றுக்கிழமை தனியாக வெளியே போகலாமா, பெற்றோர் முன்னறிவிப்பின்றி வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். புரோக்கரிடம் அல்ல, அங்கே வேலை பார்த்து வந்த பெண்ணிடம் கேளுங்கள்.

படித்தவர்களுக்கும் இதே வலை

பட்டம் வாங்கியவர்கள் இதற்கு விலக்கு என்று நினைக்க வேண்டாம். தனியார் கல்லூரிகளிலும் நிறுவனங்களிலும் அசல் சான்றிதழை வாங்கிப் பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். வேறு வேலை கிடைத்தாலும் போக முடியாது. அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். சான்றிதழ் விற்கிற பொருள் அல்ல, அதைப் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமே கூறியிருக்கிறது. வெற்றுத்தாளிலோ, தொகை எழுதாத காசோலையிலோ கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வேலை தர நம்மிடம் ‘டெபாசிட்’ கேட்பவரிடம் பெரும்பாலும் வேலையே இருப்பதில்லை.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இ.எஸ்.ஐ.யும், 20 பேர் என்றால் பி.எஃப்.பும் பொதுவாகப் பொருந்தும். சம்பளத்தில் பிடித்தம் செய்துவிட்டு நம் பெயரில் கட்டாதவர்களும் இருக்கிறார்கள். யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்கினால் கட்டியிருக்கிறார்களா என்பதைச் செல்போனிலேயே பார்த்துவிடலாம்.

இன்னொரு கேள்வியும் வரும். ‘எந்த ஊரு? ஊரா, காலனியா?’ வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதைக் கேட்டுவிட்டு, விண்ணப்பித்த வேலையை விட்டு வேறு வேலையைக் காட்டினால் புரிந்துகொள்ளுங்கள். ஹவுஸ்கீப்பிங் என்று சேர்த்துவிட்டுக் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைத் தொட்டியில் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பணம் வரும், பிள்ளை வரமாட்டான்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டால்

மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ புகார் கொடுங்கள். கொத்தடிமை என்று உறுதியானால் விடுதலைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். மறுவாழ்வு உதவிக்கு அதுதான் ஆதாரம். பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் கொத்தடிமையாக வேலை வாங்குவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம். அதற்கான உதவி எண் 14566. வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் நமக்கு இலவச சட்ட உதவி உண்டு. அதற்கு எண் 15100.

கல்லூரி படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. தெருவுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். வெளியூர் வேலைக்கு யார் போனாலும் அழைத்துப்போகிறவர் பெயர், செல் எண், வண்டி எண், போகும் இடம், பேசிய கூலி, வாங்கிய முன்பணம் எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். அழைக்க வந்தவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நல்லவர் என்றால் போட்டுவிட்டுப் போவார். தயங்குகிறவரோடு யாரையும் அனுப்பாதீர்கள்.