கடலடிப் புல்வெளிக்கு ஒரு சட்ட வேலி

புதுக்கோட்டை என்றதும் கண்மாய்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த மாவட்டத்தின் மிகப் பெரிய ஈரநிலம் கடலுக்குள் இருக்கிறது. 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் உருவான ஈரநில உடன்படிக்கை, நீர் வற்றும் வேளையில் 6 மீட்டர் ஆழம் வரையுள்ள கடலையும் ஈரநிலமாகவே கணக்கில் எடுக்கிறது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் கரையோரத்துப் பாக் விரிகுடா அப்படிப்பட்ட ஆழமற்ற கடல்.

அங்கே வெயில் அடிமண் வரை இறங்குகிறது. அதனால் கடற்புல் வளர்கிறது. இது பாசி அல்ல. வேரும் பூவும் உள்ள செடி. நிலத்துச் செடிகளின் வழிவந்து கடலில் குடியேறியது. தேனீ இல்லாத இடத்தில் இதன் மகரந்தம் நூலிழைபோல் நீண்டு, நீரோட்டத்தில் மிதந்துபோய்ப் பெண்பூவில் சிக்கிக்கொள்கிறது.

இந்தப் புல்லை மேய வருகிறது கடற்பசு. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். ஒரு நாள் தீனி 30 முதல் 40 கிலோ. மேய்ந்த இடத்தில் இளந்தளிர் முளைக்கிறது. மேயும் விலங்கே மேய்ச்சல் நிலத்தைப் புதுப்பிக்கிறது!

2022 செப்டம்பர் 21 அன்று தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. பரப்பில் இது சென்னை மாநகராட்சியைவிடப் பெரியது. ஒரு விலங்கின் பெயரால் சுமார் 12,250 ஹெக்டேர் புல்வெளிக்கும் காவல் கிடைத்துவிட்டது.

இதற்கு உதவியது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 36ஏ பிரிவு. அதன் நுட்பம் இதுதான்: உள்ளூர் மக்களைக் கலந்துபேசிய பிறகே அரசு அறிவிக்க முடியும். மேலாண்மைக் குழுவில் ஊராட்சிகளுக்கும் இடம் உண்டு. மீனவரை வெளியேற்றாமல் காவலில் பங்காளியாக்கும் ஏற்பாடு இது.

அழிந்த புல்வெளியை மீட்கவும் வழி இருக்கிறது. மூங்கில் சட்டத்தில் தென்னைநார்க் கயிறு கட்டி, அதில் புல்நாற்றைப் பிணைத்துக் கடலடியில் வைக்கிறார்கள். வேர் பிடித்த பின் மூங்கிலும் கயிறும் தாமே மட்கிப்போகும்.

கடற்பசு மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சடைத்து இறந்துவிடும். 3 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான், அதுவும் ஒரே ஒரு குட்டி ஈனும். ஆகவே வலையை அறுத்து ஓர் ஆவுளியாவை விடுவிக்கும் மீனவர், ஒரு தலைமுறையையே காப்பாற்றுகிறார். அப்படி விடுவிப்போரை வனத்துறை பாராட்டிப் பரிசளிக்கிறது. கடலில் 36ஏ பிரிவை நடைமுறைப்படுத்துவது அந்தக் கைகள்தாம்.