.30-30 வின்செஸ்டர்

.30-30 வின்செஸ்டர் என்பது ஐக்கிய அமெரிக்காவில் மான், காட்டுப்பன்றி முதலிய விலங்குகளை வேட்டையாடப் பயன்படும் நடுத்தர ஆற்றல் கொண்ட ரைபிள் தோட்டா ஆகும். வின்செஸ்டர் நிறுவனம் தனது 1894 மாதிரித் துப்பாக்கிக்காக இதனை 1895 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது. குண்டின் விட்டம் ஏறத்தாழ 7.8 மி.மீ. ஆகும். அதன் எடை பெரும்பாலும் 150 அல்லது 170 கிரெய்ன் (9.7 அல்லது 11 கிராம்) ஆக இருக்கும்.

குண்டின் வடிவம்

இத்துப்பாக்கியின் குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கூர்முனைக் குண்டு முன்னுள்ள தோட்டாவின் எரியூட்டியில் இடித்து அதனை வெடிக்கச் செய்யக்கூடும். எனவே மரபாகத் தட்டைமுனைக் குண்டுகளே பயன்படுகின்றன. இவை காற்றுத்தடையால் விரைவில் வேகம் இழப்பதால், நெடுந்தூரத்திற்கு ஏற்றவை அல்ல.

காட்டுப்பன்றி வேட்டை

முதிர்ந்த ஆண் பன்றியின் தோள்களைக் கவசம் போன்ற தடித்த திசு மூடியுள்ளது. அதனை ஊடுருவ, சிதறாத கனமான குண்டு தேவை. காயத்துடன் தப்பும் விலங்கு நெடுநேரம் துன்புறும் என்பதால், தொலைவறிந்து சுடுதலும் இன்றியமையாதது.