பழைய சப்வே ரயிலைப் பின்னாலிருந்து எடுங்கள்

நியூயார்க்கில் யாங்கீஸ் அணி சொந்த மைதானத்தில் சீசனைத் தொடங்கும் நாளில், பழைய ‘லோ-வி’ பெட்டிகளை கிராண்ட் சென்ட்ரலிலிருந்து ஓட்டுவது வழக்கம். சுரங்கத்தை விட்டு மேலேறியதும் 161-ஆவது தெரு ஸ்டேஷன், தூண்கள் மேல். வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை என்று நம்பிப் போனேன். படத்தில் வானம் வெளுத்து, ரயிலின் முகம் கரிக்கட்டை! வருஷத்துக்கு ஒருமுறை வருகிற ரயில், போச்சு.

காரணம் எளிது. ரயில் போவது வடக்கே. நண்பகல் வெயில் தெற்கிலிருந்து. முகம் நிழலில்தான் இருக்கும். கூடுதல் விளக்கு, ட்ரைபாட் இரண்டுக்கும் அனுமதி கிடையாது. எதிர் பிளாட்பாரத்துக்குப் போனால், நடுவில் வேறொரு ரயில் வந்து மறைக்கும் (அதுவும் நடந்தது).

அதனால் தென்கோடியில் நின்று, ரயிலை உள்ளே போகவிடுங்கள். இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. வாலிலும் அதே முகம்தான், முழு வெயிலில். சிவப்பு விளக்கு மட்டும் காட்டிக்கொடுக்கும். அடுத்த வருஷம் அப்படித்தான் எடுத்தேன். கூரைத்தூணின் நிழல் ஒன்று குறுக்கே விழுந்திருக்கிறது, பரவாயில்லை.