ஆகாயத்தின் உஷ்ணம்

பென்சியாஸ், வில்சன் என்ற இரு அமெரிக்கர்கள் ஹோம்டெல் ஆன்டெனாவில் கேட்ட ஓயாத இரைச்சல், பிரபஞ்சத்தின் ஆதி உஷ்ணத்தின் மிச்சமே என்று 1965-இல் சொல்லப்பட்டதாயினும், அவர்கள் அளந்தது ஏழு சென்டிமீட்டர் சுமாருள்ள ஒரே அலைநீளத்தைத்தான். ஆதியில் யாவும் ஒரே உஷ்ணத்தில் சமநிலை கொண்டிருந்தது மெய்யானால், அந்தக் கிரணத்தின் பலம் எல்லா அலைநீளங்களிலும், 1900-இல் மாக்ஸ் பிளாங்க் வகுத்த சூத்திரத்தின் வளைகோட்டிலேயே பிசகாமல் அமையவேண்டும். உண்மையான பரீட்சை அதுவே.

சங்கடம் என்னவெனில், அந்தக் கோடு உச்சத்தைத் தொடும் மில்லிமீட்டர் அலைகளில் நம் வாயுமண்டலத்து நீராவியும் தானே கிரணம் வீசுகிறது. ஆகவே பலூன்களையும் ராக்கெட்டுகளையும் நாடினார்கள். 1987-இல் ஜப்பானிலிருந்து கிளம்பிய ஒரு ராக்கெட், கோட்டிற்கு மேலாக உபரிக் கிரணம் இருப்பதாகக் காட்டிவிடவே, அதற்குக் காரணம் கற்பிக்கும் கட்டுரைகள் சரமாரியாக வந்தன. இல்லாத பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் விஞ்ஞானிகளும் சளைத்தவர்கள் அல்லர்!

1989 நவம்பரில் ஏவப்பட்ட கோப் என்னும் செயற்கைக் கோளில், ஜான் மேதர் பொறுப்பில் அமைந்த ஃபிராஸ் என்ற கருவி, திரவ ஹீலியத்தில் ஒன்றரை கெல்வினுக்குக் குளிர்விக்கப்பட்டு, தராசைப் போலவே வேலை செய்தது: ஒரு பக்கம் ஆகாயம், மறுபக்கம் உஷ்ணம் தெரிந்த ஒரு கரும்பொருள்; இரண்டின் வித்தியாசம் மட்டுமே பதிவாகும். அதன் சூட்சுமம் முழுவதும், இரும்புத்தூள் கலந்த கறுத்த பிசினால் வார்த்த ஒரு கூம்பில் இருந்ததென்றே சொல்வேன். அவ்வப்போது ஓர் இயந்திரக் கை அக்கூம்பைக் கொணர்ந்து, ஆகாயத்தை நோக்கிய கொம்பின் வாயை அடைத்துவிடும். ஆகாயம் இருந்த இடத்தில் இப்போது, நாமே உஷ்ணத்தை நிர்ணயித்த கூம்பு இருக்கும். இரண்டு வேளையும் கருவி ஒரே பதிலைச் சொன்னால், ஆகாயத்தின் உஷ்ணமும் கூம்பின் உஷ்ணமும் ஒன்றே.

1990 ஜனவரியில் வாஷிங்டனுக்கு அருகே கூடிய வானியலாளர் சபையில், ஒன்பதே நிமிஷ அளவீட்டில் கிடைத்த 67 புள்ளிகள் பிளாங்க் கோட்டின் மேலேயே வரிசையாக அமர்ந்திருந்த படத்தை மேதர் காட்டியதும், சபையோர் எழுந்து நின்று கரகோஷம் செய்தனர். உபரி என்ற பேச்சு அன்றோடு ஒழிந்தது. முழுக் கணக்கும் முடிந்தபோது, கோட்டிலிருந்து விலகல் உச்சத்தின் லட்சத்தில் ஐந்து பங்கைத் தாண்டவில்லை; உஷ்ணம் 2.725 கெல்வின். 2006-இல் மேதருக்கு, கோப் குழுவைச் சேர்ந்த ஸ்மூட்டுடன், நோபல் பரிசு.

அதே ஜனவரியில், சில நாள் கழித்து, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹெர்பர்ட் கஷ்ஷும் இரு சகாக்களும் ஒரு சிறு ராக்கெட்டை ஏவி, சில நிமிஷங்களுக்குள் அதே கோட்டை அளந்துவிட்டார்கள். மேதர் குழுவின் முதல் அறிவிப்பு 2.735 கெல்வின், பிழை எல்லை 0.06, கஷ் சொன்னது 2.736, பிழை எல்லை 0.017.